சிற்றிலில் மின்விளக்கு

சிறுமியர் மணலைக் குவித்து வீடு கட்டி விளையாடுவது தொன்றுதொட்டு நிகழ்ந்துவரும் விளையாட்டாகும். தமிழர் அவ்வீட்டைச் 'சிற்றில்' என அழைத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிற்றிற் பருவமும் ஒன்று. தாங்கள் அரும்பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டா என்று சிறுமியர் பாட்டுடைத் தலைவனை வேண்டிக்கொள்வதாக அப்பருவப் பாடல்கள் அமையும். காண்பவர் கண்ணுக்கு அது வெறும் மணற்குவியல். கட்டியவர்க்கோ அது வீடு. ஆதலின் அதன் அழிவு அவர்களுக்குப் பேரிழப்பாகத் தோன்றுகிறது.

மணற்சிற்றில் மாலைக்குள் மறைந்துவிடும். ஆனால் மரத்தாலும் துணியாலும் தாளாலும் அமைக்கப்பெற்று, நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கும் சிற்றில்களும் உலகில் உண்டு. அவற்றைப் பொம்மை வீடுகள் என்பர். ஐரோப்பாவில் அவை முதலில் சிறுவர் விளையாட்டுக்காகத் தோன்றவில்லை. செல்வர்கள் தம் வாழ்க்கைச் சிறப்பைப் பிறர்க்குக் காட்டும் பொருட்டே அவற்றை அமைத்தனர். செருமானிய நாட்டுப் பவேரியாவின் கோமகனான ஐந்தாம் ஆல்பிரெக்ட் என்பவருக்காக 1558ஆம் ஆண்டளவில் ஒரு பொம்மை வீடு செய்யப்பட்டது. பழைய குறிப்புகளில் காணப்படும் முதற் பொம்மை வீடு அதுவே. மியூனிக் நகரத்து அரண்மனையில் 1674ஆம் ஆண்டு பற்றிய தீயில் அஃது அழிந்துபோனதாகக் கருதப்படுகிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துச் சீமாட்டி பெட்ரனெல்லா ஊர்ட்மன் அமைத்த பொம்மை வீட்டை அந்நகரின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இன்றும் காணலாம்.

இப்பழைய வீடுகளில் ஒரு குறை இருந்தது. நாற்காலியும் கட்டிலும் சமையற்கலங்களும் மெய்யானவற்றைப் போலவே இருந்தன. ஆனால் விளக்குத்தண்டில் சுடர் இல்லை. கைவினைஞர் எல்லாவற்றையும் சிறிதாக்கினர். நெருப்பைச் சிறிதாக்க அவர்களால் இயலவில்லை. ஒரு சாண் உயரமே உள்ள அறையில் மிகச் சிறிய மெழுகுவத்தியை ஏற்றினாலும், அதன் சுடர் மேற்கூரையைத் தீய்த்துவிடும். கோமகனின் பொம்மை வீட்டுக்கு நேர்ந்ததை அறிந்தவர் அதற்குத் துணிவரோ? ஆகவே பகலில் சாளரத்தின் வழியே வந்த ஒளியே அச்சிறு வீடுகளுக்கு ஒளியாயிற்று. மாலை வந்தால் அவை இருண்டன.

சுடரில்லா விளக்கு

இக்குறை நீங்க மின்சாரம் வரவேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் ஜோசப் சுவானும், அமெரிக்காவில் தாமஸ் எடிசனும் மின்னிழை விளக்கை அமைப்பதில் தனித்தனியே ஈடுபட்டனர். எடிசன் 1879ஆம் ஆண்டில் தம் விளக்கை எரித்துக் காட்டினார். அடுத்த ஆண்டில் வட இங்கிலாந்தில் ஆம்ஸ்டிராங் என்பவரின் கிராக்சைடு மாளிகையில் சுவானின் விளக்குகள் ஒளிவீசின. காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழினுள் மெல்லிய இழை ஒன்று சூடேறி ஒளிர்வதே இவ்விளக்கின் தத்துவமாகும். இதில் சுடர் இல்லை, புகை இல்லை, எண்ணெய் சிந்துவதும் இல்லை. பெரிய மாளிகைக்கு வந்த இவ்விளக்கு, காலப்போக்கில் பொம்மை மாளிகைக்கும் வந்து சேர்ந்தது.

அவ்வாறு ஒளிபெற்ற பொம்மை வீடுகளுள் பெரும்புகழ் வாய்ந்தது இங்கிலாந்து அரசி மேரியின் பொம்மை வீடாகும். முதல் உலகப்போர் முடிந்த பின்னர், அரசியாருக்கு மக்கள் அளிக்கும் பரிசாக அதனை அமைக்கலாம் என்னும் எண்ணம் 1921ஆம் ஆண்டில் இளவரசி மேரி லூயிசுக்கு உதித்தது. அதற்கு வரைபடம் வகுத்தவர் சர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் மாபெருங் கட்டடத்தை வகுத்தவரும் அவரே. நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட மாளிகைக்கும், மேசைமேல் வைக்கத்தக்க அறைகள் கொண்ட வீட்டுக்கும் அவர் ஒரே காலத்தில் வரைபடம் தீட்டினார் என்பது வியப்புக்குரியது.

1,500க்கும் மேற்பட்ட கலைஞர்களும் கைவினைஞர்களும் தொழில் நிறுவனத்தாரும் அவ்வீட்டுக்காக உழைத்தனர். எழுத்தாளர் பலர் தம் கைப்பட எழுதிய சின்னஞ்சிறு நூல்களை அதன் நூலகத்துக்கு வழங்கினர். சர் ஆர்தர் கானன் டாயில் அதற்கெனவே ஒரு சிறுகதை எழுதினார். குழாய்களில் தண்ணீரும் வெந்நீரும் வந்தன. மின்தூக்கிகள் ஏறி இறங்கின. அறைகளில் மின்விளக்குகள் எரிந்தன. 1924ஆம் ஆண்டில் வெம்பிளிப் பொருட்காட்சியில் வைக்கப்பட்ட அவ்வீட்டைப் பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கண்டு களித்தனர். அதன்பின் அது விண்ட்சர் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டது. அக்காலத்து வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்பதைப் பின்வரும் தலைமுறையினர் அறிய வேண்டும் என்பதும் அதை அமைத்தோரின் நோக்கமாகும். விளக்கில்லாமல் அந்நோக்கம் நிறைவேறியிராது.

அமெரிக்கத் திரைப்பட நடிகையான காலீன் மூர் 1928ஆம் ஆண்டில் தொடங்கி 1935ஆம் ஆண்டில் முடித்த தேவதைக் கோட்டை மற்றொரு சான்று. அதன் கூடத்தில் பொன்னாலாகிய கொத்துவிளக்கு ஒன்று தொங்குகிறது. வைரமும் மரகதமும் முத்தும் பதித்த அவ்விளக்கில் கோதுமை மணியளவே உள்ள மின்குமிழ்கள் ஒளிர்கின்றன. மூர் அம்மையார் அக்கோட்டையை ஊர்தோறும் கொண்டுசென்று, வந்த பொருளைக் குழந்தைகளின் நலனுக்கு ஈந்தார். இப்போது அது சிகாகோ நகரத்து அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பன்னிரண்டில் ஒன்று

மேற்கூறிய இரண்டு வீடுகளும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் அமைந்தவை. ஆறடி உயரமுள்ள மனிதன் இவ்வளவில் ஆறங்குலப் பொம்மையாகிறான். பன்னிரண்டடி நீளமும் பன்னிரண்டடி அகலமும் கொண்ட அறை, ஓரடி நீளமும் ஓரடி அகலமும் கொண்டதாகிறது. இங்கே ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்க வேண்டும். நீளம் பன்னிரண்டில் ஒரு பங்கானால், தரையின் பரப்பு பன்னிரண்டில் ஒரு பங்காவதில்லை. நூற்று நாற்பத்து நான்கில் ஒரு பங்காகிறது. பெரிய அறையின் தரை 144 சதுர அடி; சிறிய அறையின் தரை ஒரே சதுர அடி. ஆகவே இரண்டு அறைகளும் ஒரே அளவு வெளிச்சமாகத் தோன்ற வேண்டுமாயின், சிறிய அறைக்கு 144இல் ஒரு பங்கு ஒளியே போதும். பெரிய அறையில் 60 வாட் மின்னிழை விளக்கு எரிந்தால், சிறிய அறைக்கு அரை வாட்டுக்கும் குறைவான விளக்கே போதுமானதாகும்.

பொம்மை வீட்டுக்கெனச் செய்யப்படும் 'கோதுமை மணி' விளக்கு ஏறக்குறைய இத்தன்மையதே. அது பெரும்பாலும் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் எரிவது. அதனூடே சுமார் 50 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். எனவே அதன் திறன் 0.6 வாட். கணக்கும் கைத்தொழிலும் இங்கே ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணலாம்.

ஆனால் எல்லாம் இவ்வாறு அளவுக்கேற்பச் சுருங்கிவிடுவதில்லை. வீடு சிறியது என்பதற்காக மின்சாரம் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. வீட்டுச் சுவரில் உள்ள மின்வழியின் அழுத்தம் 230 வோல்ட். அது பொம்மை வீட்டினுள் நுழைந்தால் விளக்கு நொடியில் கருகும். தொட்டவரின் உயிருக்கும் கேடு நேரும். ஆகவே 230 வோல்ட்டை 12 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றி இடையே நிற்க வேண்டும். ஓர் இரும்பு உள்ளகத்தில் இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். முதற் சுருளில் 1,150 சுற்றுகளும் இரண்டாம் சுருளில் 60 சுற்றுகளும் இருப்பின், 230 வோல்ட் 12 வோல்ட்டாக இறங்கும். இச்சுருள்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. காந்தப்புலமே ஆற்றலை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகிறது. மாறுமின்னோட்டத்தில் மட்டுமே இக்கருவி இயங்கும். முழுவதும் மூடப்பட்ட மின்மாற்றியைக் கடையில் வாங்குவதே முறை. அதனைத் தாமே செய்ய முற்படுதல் தகாது. மாணவர்க்கோ இன்னும் எளிய வழி உண்டு. ஒன்றரை வோல்ட் கொண்ட உலர்மின்கலங்கள் எட்டினை வரிசையாக இணைத்தால் 12 வோல்ட் கிடைத்துவிடும்.

முதன்முறை விளக்கிடுவோர்

முதன்முறையாகப் பொம்மை வீட்டுக்கு விளக்கிடத் தொடங்குவோர் பலர் ஒரே பிழையைச் செய்கின்றனர். சுவரில் அழகிய தாளை ஒட்டி, தரையில் பலகை பதித்து, கூரைக்கு வண்ணம் தீட்டி, எல்லாம் முடிந்த பின்னரே விளக்கைப் பற்றி நினைக்கின்றனர். அப்போது கம்பியை மறைக்க இடம் இராது. அது சுவரின்மேல் கயிறுபோல் தொங்கும். அல்லது ஒட்டிய தாளையே கிழிக்க நேரும். வீடு கட்டுவோர் சுவர் பூசுவதற்கு முன்பே மின்குழாய்களைப் பதித்துவிடுகின்றனர் அல்லவா? அம்முறையே இங்கும் வேண்டும்.

முதலில் செய்யத்தக்கது கணக்கிடுதல். ஒவ்வோர் அறையையும் தாளில் வரைந்து, எங்கெங்கே விளக்கு வரும் என்று குறித்தல் வேண்டும். எட்டு அறைகள், அறைக்கு இரண்டு விளக்குகள் எனின், விளக்குகள் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் 50 மில்லி ஆம்பியர் எனின், மொத்தம் 800 மில்லி ஆம்பியர். 12 வோல்ட்டில் அது 9.6 வாட். பத்து வாட் மின்மாற்றி இதற்கு மட்டுமட்டாகப் போதும். ஆனால் எக்கருவியையும் அதன் எல்லை வரை உழைக்கவிடுதல் நன்றன்று. ஆதலின் சற்று மிகுந்த ஆற்றலுடைய மின்மாற்றியையே அறிந்தோர் தேர்ந்தெடுப்பர்.

அடுத்தது இணைக்கும் முறை. திருவிழாக்களில் மரங்களில் கட்டும் பழைய தொடர் விளக்குகளைப் பலரும் கண்டிருப்பர். அவற்றில் ஒரு குமிழ் பழுதானால் வரிசை முழுவதும் அணைந்துவிடும். மின்னோட்டம் ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் குமிழ்களின் வழியாகவும் செல்வதே அதற்குக் காரணம். இதனைத் தொடர் இணைப்பு என்பர். 12 வோல்ட் விளக்குகள் மூன்றினை இவ்வாறு இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் 4 வோல்ட் மட்டுமே கிடைக்கும். இழை மங்கிச் சிவந்து நிற்கும். பொம்மை வீட்டுக்கு ஏற்றது பக்க இணைப்பாகும். இதில் ஒவ்வொரு விளக்கின் இரு கம்பிகளும் மூல மின்கம்பிகள் இரண்டுடன் நேரே சேரும். ஒரு விளக்கு அணைந்தாலும் மற்றவை அணையா. எல்லாவற்றுக்கும் 12 வோல்ட் முழுமையாகக் கிடைக்கும்.

மூல மின்வழியை அமைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, மெல்லிய கம்பிகளைச் சுவரில் வெட்டிய சிறு பள்ளங்களின் வழியே கொண்டுசென்று வீட்டின் பின்புறத்தில் சேர்ப்பது. மற்றொன்று, பின்புறம் பசையுள்ள இரட்டைச் செம்புப் பட்டைகளைச் சுவரிலேயே ஒட்டிவிடுவது. பட்டை தாளைப்போல் மெல்லியது. அதன்மேல் சுவர்த்தாளை ஒட்டினால் இருப்பதே தெரியாது. பின்னர் வேண்டிய இடத்தில் சிறு பித்தளை ஆணிகளை அறைந்து, விளக்கின் கம்பிகளை அவற்றில் இணைப்பர். செம்புப் பட்டை பார்வைக்கு எளியது. ஆனால் விழிப்பு மிக வேண்டும். ஒரே ஆணி இரண்டு பட்டைகளையும் துளைத்துவிட்டாலும், மூலையில் திரும்பும்போது ஒரு பட்டை மற்றதன்மேல் படிந்துவிட்டாலும், மின்னோட்டம் விளக்குக்குச் செல்லாமல் குறுக்கு வழியில் பாயும். இதனையே குறுக்குச்சுற்று என்பர்.

இங்கே தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறாக எண்ணும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். '12 வோல்ட் தானே, யாது செய்யும்?' என்று அவர்கள் நினைப்பர். 12 வோல்ட் உடலைத் தாக்காது என்பது உண்மையே. ஆனால் அது தீயை மூட்டவல்லது. கம்பியைச் சூடாக்குவது முதன்மையாக அதன்வழிப் பாயும் மின்னோட்டமே. குறுக்குச்சுற்று நேரும்போது மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். மயிரிழை போன்ற கம்பி பழுக்கக் காய்ச்சிய இரும்புபோல் ஆகும். அதைச் சுற்றியிருப்பவையோ காய்ந்த மரமும் தாளும் துணியும் பசையும். ஆகவே மின்மாற்றிக்கும் வீட்டுக்கும் இடையே ஓர் உருகு கம்பி இருந்தே தீரவேண்டும். மேற்கூறிய பதினாறு விளக்குகளுக்கு ஓர் ஆம்பியர் உருகு கம்பி ஏற்றது. அளவு மிஞ்சினால் அது முதலில் உருகித் தன்னை அழித்துக்கொண்டு வீட்டைக் காக்கும்.

கம்பிகளை இணைக்கும்போது வெறுமனே முறுக்கி விடுதல் போதாது. நாளடைவில் அம்முறுக்கு தளரும், விளக்கு மினுங்கும். முறுக்கிய இடத்தில் பற்றாசு வைத்து உறுதியாக்கி, அதன்மேல் காப்புக் குழலைப் போர்த்துதல் வேண்டும். ஒவ்வொரு கம்பியின் முனையிலும் அறையின் பெயரெழுதிய சிறு தாளைக் கட்டிவிட்டால், பின்னர் எது எதற்குரியது என்று தேடி அலைய வேண்டியதில்லை. விளக்கை எளிதில் கழற்றி மாற்றத்தக்க முறையில் பொருத்துவதும் இன்றியமையாதது. மின்னிழை என்றேனும் ஒருநாள் அறுந்தே தீரும்.

இவ்வளவும் முடிந்தவுடன் சுவர்த்தாளை ஒட்டிவிடலாகாது. எல்லா விளக்குகளையும் ஏற்றி, ஒரு மணி நேரமேனும் எரியவிட்டுச் சோதித்தல் வேண்டும். எந்த இணைப்பு சூடாகிறது, எந்த விளக்கு மினுங்குகிறது, தாளால் செய்த விளக்குமூடியின் அருகே வெப்பம் எவ்வளவு என்பவற்றைக் கையால் தொட்டும் கண்ணால் கண்டும் அறியவேண்டும். மின்னிழை விளக்கு உண்ணும் மின்னாற்றலில் மிகச் சிறு பகுதியே ஒளியாகிறது, எஞ்சியதெல்லாம் வெப்பமாகிறது. ஒரு சதுர அடி அறைக்குள் அவ்வெப்பம் வெளியேற வழியில்லை.

இக்காலத்தில் ஒளி உமிழ் டையோடுகள் இவ்விடரைப் பெரிதும் குறைத்துவிட்டன. நீல நிற ஒளி உமிழ் டையோடைக் கண்டறிந்து, அதன்வழி வெண்ணிற ஒளியும் கிடைக்கச் செய்த அகசாகி, அமனோ, நகமுரா ஆகிய மூவரும் 2014ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். இவ்விளக்கு குறைந்த வெப்பமே தருவது; நெடுநாள் உழைப்பது. ஆயினும் இதற்கும் விதிகள் உண்டு. இது நேர்மின்னோட்டத்தில் எரிவது. இதன் இரு முனைகளையும் மாற்றி இணைத்தால் எரியாது. வெண்ணிற டையோடுக்குச் சுமார் 3 வோல்ட்டே வேண்டும். 12 வோல்ட்டில் எஞ்சிய 9 வோல்ட்டைத் தாங்க ஒரு மின்தடை தேவை. மின்னோட்டம் 20 மில்லி ஆம்பியர் எனின், 9ஐ 0.02ஆல் வகுக்க 450 ஓம் கிடைக்கும். கடையில் கிடைக்கும் 470 ஓம் தடை இதற்குப் பொருந்தும். தடையின்றி இணைத்தால் அந்நொடியே அது கெட்டுவிடும்.

மறைந்து நிற்கும் வேலை

1992ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் விண்ட்சர் கோட்டையில் பெருந்தீ மூண்டது. அரண்மனைச் சிறுகோயிலில் இருந்த ஒளிவீச்சு விளக்கு ஒன்று திரைச்சீலையோடு ஒட்டியிருந்தது. அதன் வெப்பத்தால் சீலை பற்றிக்கொண்டது. ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் எரிந்த அத்தீயால் 115 அறைகள் கேடுற்றன. அவற்றைச் செப்பனிட்டு முடிக்க ஐந்து ஆண்டுகள் ஆயின. அரசி மேரியின் பொம்மை வீடு நல்லூழால் தப்பியது. இன்றும் அக்கோட்டையில் காட்சி தருகிறது. பல நூற்றாண்டுகள் நிலைத்த கோட்டைக்கு இடர் விளைத்தது பகைவரின் படையன்று. சற்றே இடம் தவறி நின்ற விளக்கு.

இந்நிகழ்ச்சி, சிறிய வீட்டுக்கு விளக்கிடுவோர்க்கும் பெரிய மாளிகைக்கு விளக்கிடுவோர்க்கும் பொதுவான ஓர் உண்மையைக் காட்டுகிறது. விளக்கின் அழகை யாவரும் காண்பர். அதன் பின்னேயுள்ள கம்பியையும் இணைப்பையும் உருகு கம்பியையும் எவரும் காணார். சுவர்த்தாள் ஒட்டப்பட்ட பின்னர், அவற்றைச் செய்தவரும் மீண்டும் காண்பதில்லை. காணப்படாது என்பதற்காக அங்கே ஓர் இணைப்பை அரைகுறையாக விட்டவர், அவ்வீட்டில் ஒவ்வோர் இரவும் இடரைக் குடிவைத்தவராவார். யாரும் காணாத இடத்திலும் செம்மையாகச் செய்தவரோ, கவலையின்றி விளக்கை ஏற்றுவர்.

சோதனைகள் யாவும் முடிந்து, தாள் ஒட்டப்பெற்று, நாற்காலிகளும் கட்டில்களும் தத்தம் இடத்தில் அமர்ந்த பின்னர் மாலைப்பொழுதில் விசையை அழுத்தும் வேளை வருகிறது. பதினாறு சிறு மணிகள் ஒருங்கே ஒளிர்கின்றன. ஆறங்குல மேசையின்மேல் விரித்த நூலின் நிழல் தரையில் விழுகிறது. சாளரத்தின் வழியே மஞ்சள் ஒளி வெளியே படர்கிறது. அதுவரை மரப்பெட்டியாக இருந்தது அப்போது வீடாகிறது. மணலில் சிற்றில் கட்டிய சிறுமியின் உள்ளத்தில் எழுந்த அதே மகிழ்ச்சி, கணக்கறிந்து, கையறிந்து, பொறுமையோடு உழைத்தவரின் உள்ளத்திலும் எழுகிறது. ஆனால் இச்சிற்றில் மாலைக்குள் மறைவதன்று. நன்கு செய்யப்பட்டிருப்பின், செய்தவரின் பேரப்பிள்ளைகளும் அதன் விளக்கை ஏற்றி மகிழ்வர்.